உப்புக் காற்றில் ஒரு மின்சாரக் கார்

காரைக்கால் கடற்கரையில் உள்ள திருவேட்டக்குடியில் இரவு முழுக்க வெளியில் நின்ற காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவிப் பாருங்கள். வெறும் தூசு என்றால் உதிர்ந்துவிடும். இது உதிராது, பிசுபிசுவென்று ஒட்டும். மாசி மகத்தன்று சுவாமி கடலாடப் புறப்படும் ஊர் இது. கோயிலுக்கும் கடலுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். அலை உடையும்போது தண்ணீருக்குள் சிக்கிக்கொண்ட காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்துக் காற்றில் ஏறிக்கொள்கின்றன. துளியின் நீர் வழியிலேயே ஆவியாகிவிட, உப்பு மட்டும் ஊருக்குள் வருகிறது. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில் வாடை வீசினாலும் சரி, வேலை இதுதான்.

அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் உண்டு. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். காரைக்கால் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே காரின் மேல் படிந்த உப்பு வெயில் நேரத்தில்கூட முழுசாகக் காய்வதில்லை. பெயின்ட் உரிந்த இடம், போல்ட்டின் தலை, தகடுகள் சேரும் இடுக்கு எல்லாவற்றிலும் இந்த ஈர உப்புப் படலம் உட்கார்ந்துகொண்டு இரவும் பகலும் உலோகத்தைத் தின்னும்.

இதைப் படிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் அது. மண்டபம் என்ற ஊரில் கடலோரமாக உலோகத் தகடுகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, அவை எவ்வளவு வேகத்தில் அரிக்கப்படுகின்றன என்று அளந்தவர்கள் அங்குள்ள ஆய்வாளர்கள். எந்த ஊரில் இரும்பு எவ்வளவு துருப்பிடிக்கும் என்று காட்டும் இந்திய வரைபடத்தையும் தயாரித்தார்கள். அதே ஆய்வகம்தான் லித்தியம் அயனி பேட்டரியிலும் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. துருவும் பேட்டரியும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது தற்செயல் அல்ல. இரண்டுமே உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் கழன்று போகும் கதை. பேட்டரியில் நாம் விரும்பியபடி போகிறது, துருவில் நம்மைக் கேட்காமல் போகிறது.

பி.ஒய். 02 என்று தொடங்கும் பச்சை எண் பலகையோடு ஒரு மின்சாரக் கார் திருவேட்டக்குடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ள என்.ஐ.டி. வளாகத்துக்கு வந்த பேராசிரியருடையதாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவருடையதாக இருக்கலாம். அதை அடிக்கடி கழுவத்தான் வேண்டும். ஆனால் வாட்டர் சர்வீஸ் கடையில் கொண்டுபோய் விட்டதும் பிரஷர் கன்னைக் கையில் எடுத்த பையன் கொஞ்சம் தயங்குவான். “அண்ணே, கரண்டு வண்டியாச்சே, பிரஷர் அடிக்கலாமா?” கேட்கவேண்டிய கேள்விதான். 400 வோல்ட் வண்டியைத் தண்ணீரில் நனைப்பது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

பதில் காரின் மின்சுற்றை அமைத்த விதத்தில் இருக்கிறது. பழைய பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையை வண்டியின் உடலோடு சேர்த்துவிடுவார்கள். மின்சாரக் காரிலும் விளக்கு, ஹார்ன், கணினிக்கெல்லாம் அப்படியொரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அதன் எதிர்முனையும் உடலோடு சேர்ந்ததுதான். ஆனால் மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியின் இரண்டு முனைகளில் எதுவும் உடலைத் தொடுவதில்லை. இரண்டும் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளில் தனியாக ஓடுகின்றன. ஒரு முனையில் எங்காவது ஈரம் பட்டு உடலோடு தொடர்பு ஏற்பட்டாலும் சுற்று முழுமையாகாது. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு எதுவும் ஆகாத அதே கணக்கு.

அந்த ஒரு பிசகையும் கார் விட்டுவைப்பதில்லை. பெரிய சுற்றுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள மின்தடையை அது அளந்துகொண்டே இருக்கிறது. ஐ.நா.வின் வாகன விதி எண் 100-ம், அதை ஒட்டி வந்த நம் நாட்டின் ஏ.ஐ.எஸ். 038 தரமும், நேர்மின்னோட்டச் சுற்றில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் தடை இருக்கவேண்டும் என்கின்றன. 400 வோல்ட்டுக்கு 40,000 ஓம். அதற்குக் கீழே போனால் முன்பலகையில் எச்சரிக்கை வரும். வண்டியை அணைத்துவிட்டாலோ, பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் பெரிய ரிலேக்கள் திறந்துகொண்டு உயர் மின்னழுத்தம் பெட்டியோடு நின்றுவிடும். அணைத்து நிற்கும் மின்சாரக் காரின் மேல் தண்ணீர் ஊற்றுவதில் ஷாக் பயத்துக்கு இடமே இல்லை.

அதற்காகக் கன்னை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாமா என்றால், கூடாது. ஷோரூமில் எல்லோரும் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: “பேட்டரி ஐ.பி. 67 சார், தண்ணியில முக்கினாலும் ஒண்ணும் ஆகாது.” இதில் 6 என்பது தூசு புகாது என்பதைக் குறிக்கிறது. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் இருந்தாலும் தாங்கும் என்பதை. நல்ல தரம்தான். ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் வெறும் 0.1 பார். வாட்டர் சர்வீஸ் பம்ப் 100 பார் அளவுக்குப் போகும். ஆயிரம் மடங்கு. 100 பாரில் முனையை விட்டுக் கிளம்பும் தண்ணீரின் வேகம் வினாடிக்கு சுமார் 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் போனதும் அது துளிகளாக உடைந்து வேகம் தணிந்துவிடும். ஆனால் ஒரு சாண் தூரத்தில் வைத்து ரப்பர் சீலின் விளிம்பிலோ கனெக்டரின் இடுக்கிலோ அடித்தால் முழு வேகமும் அங்கேதான். இந்தக் குறியீட்டு முறையில் முக்கிப் பார்க்கும் சோதனையும் பீய்ச்சிப் பார்க்கும் சோதனையும் வேறு வேறு. 7 வாங்கிய ஒரு பெட்டி பீய்ச்சலையும் தாங்கும் என்று அந்த எண் உறுதி சொல்வதில்லை. சூடான நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் பக்கத்தில் இருந்து அடித்துப் பார்ப்பதற்குத் தனியாக 69 என்று ஒரு குறியீடு இருக்கிறது. இந்த வித்தியாசத்தை விற்பவர்கள் வாங்குபவரிடம் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டரிப் பெட்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது மூச்சு விட்டாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி, வேகமாக சார்ஜ் ஏற்றி, பெட்டிக்குள் 45 டிகிரி சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் குளிர்ந்த தண்ணீரை அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்று 25 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் குறையும். பார்க்கச் சின்ன எண். ஆனால் பெட்டியின் மூடியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் வெளிக்காற்று அப்போது 600 கிலோவுக்கு மேல் அழுத்தும். இறுக மூடிய பெட்டியாக இருந்தால், எங்கே சீல் இளகியிருக்கிறதோ அந்த வழியாக வெளியே நிற்கும் நீரை உறிஞ்சத் தொடங்கும். உள்ளே சில நூறு கிலோ எடையுள்ள செல்கள் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் நடைமுறையில் இந்த இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும், முழுசாகவும் நடக்காது. இருந்தாலும் பொறியாளர்கள் இதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு, அதன் மேல் ஒரு சவ்வை ஒட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் 1969-ல் டெஃப்ளானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது கிடைத்த பொருள்தான் அது. இழுத்த டெஃப்ளானில் நுண்ணிய துளைகள் கோடிக்கணக்கில் உண்டாகின்றன. காற்றும் நீராவியும் அவற்றில் புகுந்து போய்விடும், நீர்த்துளி புகாது. மலையேறுபவர்களின் மழைக்கோட்டில் இருப்பதும் இதே சவ்வுதான். மழையையும் தேங்கிய நீரையும் தடுத்துவிடும் இந்த மெல்லிய பொருள், பக்கத்தில் வைத்து அடிக்கும் பிரஷர் கன்னுக்குக் கிழிந்துவிடலாம்.

காரைக்கால் வட்டாரத்தில் கார் கழுவுவது என்றால் இந்த வாட்டர் சர்வீஸ்தான். ஆனால் உப்போடு போராடும் இன்னொரு தேசத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் தெரியும். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க அங்கே உப்பைக் கொட்டுகிறார்கள். அது சக்கரத்தில் தெறித்துக் காரின் அடியெல்லாம் அப்பிக்கொள்ளும். கடற்காற்று செய்யும் அதே வேலையை அங்கே சாலை செய்கிறது. கடும் குளிரில் வெளியே நின்று கையால் கழுவ முடியாது. காரைக் குகை போன்ற நீளமான கூடத்தின் வாசலில் நிறுத்தினால், ஓர் உருளை சக்கரத்தின் பின்னால் எழும்பி, தண்டவாளம் போன்ற தடத்தில் அதைத் தள்ளிக்கொண்டே போகும். நுரை, தூரிகை, துணித் திரை, அடியில் பீய்ச்சும் நீர், கடைசியில் காற்று. சில நிமிடத்தில் மறுபக்கம் வெளியே வந்துவிடலாம். இதன் மூதாதை 1914-ல் டெட்ராய்ட்டில் பிறந்தது. அப்போது காரை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நகரத்துக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

தண்ணீரைப் பொறுத்தவரை இந்தக் கூடம் மின்சாரக் காருக்குப் பிரஷர் கன்னைவிடப் பத்திரமானது. முனைகள் நிலையாக, தூரத்தில் இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்று யாரும் அடிப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது: கார் உருளவேண்டும், மின்சாரக் காருக்கோ நிற்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தால் பல மாடல்கள் தாமாகவே பார்க்குக்குப் போய்விடும். கதவைத் திறந்தாலும் அப்படியே. வண்டியை அணைத்தால் மின்சாரக் கைப்பிரேக் விழும். சிக்னலில் காலை எடுத்தாலும் வண்டி நகராமல் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு என்ற வசதி, தள்ளும் உருளைக்கு எதிராகப் பிரேக்கைப் பிடிக்கும். அப்போது உருளை சக்கரத்தைத் தாண்டி ஏறலாம், பின்னால் வரும் கார் வந்து முட்டலாம். சாலையில் உயிரைக் காக்கிற ஏற்பாடுகள் எல்லாமே அந்தக் கூடத்துக்குள் தொல்லையாக மாறுகின்றன. மழை உணரும் வைப்பர் நுரையைப் பார்த்து ஆடத் தொடங்கித் தூரிகையில் மாட்டிக்கொள்ளும். தொட்டால் திறக்கிற சார்ஜிங் மூடி, தூரிகை தொட்டதும் திறந்துகொள்ளும். இதற்காகவே டெஸ்லா போன்ற நிறுவனங்கள் கார் கழுவும் நிலை என்று மென்பொருளில் ஒரு பொத்தான் வைத்திருக்கின்றன. அதைத் தட்டினால் கண்ணாடிகள் ஏறிக்கொள்ளும், சார்ஜிங் மூடி பூட்டிக்கொள்ளும், வைப்பர் ஓய்ந்துவிடும். தள்ளிக்கொண்டு போகும் கூடமாக இருந்தால் கூடவே இன்னொரு தேர்வு: ஓட்டுநர் இறங்கினாலும் வண்டி நியூட்ரலிலேயே இருக்கும். 2020 ஜனவரியில் நம் நாட்டில் வந்த முதல் நெக்ஸான் ஈ.வி.க்கு இந்தக் கவலை இல்லை. அதில் கையால் இழுக்கும் பழைய கைப்பிரேக்தான். இறக்கிவிட்டால் இறங்கியது, அவ்வளவுதான்.

நியூட்ரல் பற்றி ஒரு சந்தேகம் எழலாம். மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது, பெரும்பாலான கார்களில் சக்கரமும் மோட்டாரும் எப்போதும் இணைந்தே இருக்கின்றன. சக்கரம் சுழன்றால் மோட்டார் சுழலும், காந்தம் உள்ள மோட்டார் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். பழுதான மின்சாரக் காரைச் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். ஆனால் கழுவும் கூடத்தின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டரைச் சுற்றித்தான். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு எட்டுத் தடவை சுழலும். ஒன்பதுக்கு ஒன்று என்ற கியர் விகிதத்தில் மோட்டார் 75 தடவை. 10,000 சுழற்சியில் 300 வோல்ட் தரும் மோட்டார் என்று வைத்துக்கொண்டால், இங்கே பிறப்பது இரண்டே கால் வோல்ட். டார்ச் லைட்டுக்குக் கூடப் போதாது. பயப்பட ஒன்றுமில்லை.

மின்சார வண்டியை இயந்திரத்துக்குள் விட்டுக் கழுவுவது நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியில் ஓடும் சென்னை மெட்ரோ ரயில்களுக்குக் கோயம்பேடு பணிமனையில் தானியங்கிக் கழுவும் அமைப்பு இருக்கிறது.

கழுவிய பிறகு கவனிக்கவேண்டியது பிரேக். மின்சாரக் கார் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் இரும்பு டிஸ்க்கும் பிரேக் பேடும் உரசுவது மிகக் குறைவு. பெட்ரோல் காரில் தினமும் உரசி உரசிப் பளபளவென்று இருக்கும் டிஸ்க், மின்சாரக் காரில் சும்மா கிடக்கும். அதன் மேல் உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரே இரவில் செம்மண் நிறத்தில் துரு பூக்கும். மேலோட்டமான துருவுக்கு அஞ்ச வேண்டாம். கழுவி முடித்ததும் ஆளில்லாத சாலையில் நாலைந்து முறை நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். கழுவிய கையோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் வெளியூர் போவதுதான் கெடுதல்.

தண்ணீரும் எல்லாம் ஒன்றல்ல. கடல்நீர் சாதாரணக் குடிநீரைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். காவிரியின் கடைமடை இது. ஆற்றில் தண்ணீர் குறைந்து நிலத்தடியில் எடுப்பது கூடினால் கடல் உள்ளே ஊறி வரும். கடலோரத்து ஆழ்குழாய் உவர்நீரில் காரைக் கழுவினால், உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசுகிறோம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நின்றால் தண்ணீர் சரியில்லை என்று அறிந்துகொள்ளலாம். நவீனக் கழுவும் கூடங்களில் நுரைக்கும் முதல் அலசலுக்கும் சுத்திகரித்த பழைய நீரையே திரும்பப் பயன்படுத்தினாலும், கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீரைத் தெளிப்பது இதற்காகத்தான். நமக்கு ஐப்பசி மழை இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைநீரில் இரண்டு வாளி கடைசி அலசலுக்குப் போதும். குழாயைத் திறந்துவிட்டு ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் 150 லிட்டர் போய்விடும். தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடையில் அது நியாயம் இல்லை.

ஒன்றை மட்டும் கழுவுவதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா போன்ற புயலில் கடல் பொங்கி வந்து கார் மூழ்கினால், அது வேறு ஆபத்து. உப்புநீர் பேட்டரிக்குள் புகுந்து தங்கிவிட்டால், நீர் வற்றிய பிறகும் உப்பு உள்ளே பாலம் போட்டு, நாள் கழித்துத் தீப்பிடிக்கலாம். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவை அடித்த இயன் புயலுக்குப் பிறகு மூழ்கிய மின்சாரக் கார்கள் சில இப்படித்தான் எரிந்தன. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி வைத்துவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.

மற்ற நாட்களில் பயம் வேண்டாம், கழுவுங்கள். திருவேட்டக்குடி போன்ற ஊரில் வாரம் ஒரு முறை மேலே நல்ல தண்ணீர் விடுவதும், அடிப்பக்கத்தைத் தள்ளி நின்று அகலமான பீய்ச்சலில் அலசுவதும் அதிகமில்லை. சார்ஜில் இருக்கும்போது மட்டும் கூடாது. சார்ஜிங் துளையை அவ்வப்போது திறந்து உலர்ந்த துணியால் ஓரத்தை ஒற்றி எடுங்கள். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். வாட்டர் சர்வீஸில் விடும்போது கன் பிடிக்கும் தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: பானட்டைத் திறந்து உள்ளே அடிக்க வேண்டாம், பழைய வண்டிகளுக்குச் செய்வதுபோல அடியில் டீசல் தெளிக்க வேண்டாம், அது ரப்பர் சீலையும் கம்பி உறையையும் கெடுக்கும், ஆரஞ்சுக் கம்பி, சார்ஜிங் மூடி, பேட்டரியின் விளிம்பு, இந்த மூன்றின் பக்கம் கன்னைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். மற்ற இடமெல்லாம் தாராளமாக அடிக்கட்டும்.